குறைந்த செலவில் 1931 மாடல் ஏ ஹாட் ராட்: எஸ்-10 ஃப்ரேமா, புதுசா அடிக்கிறதா?

கொலம்பஸ்காரன்:

வணக்கம். ஓஹையோவில் ஒரு 1931 ஃபோர்டு மாடல் ஏ விலைக்கு வருது. டியூடர் (ரெண்டு கதவு) பாடி மட்டும்தான். ஃப்ரேம் இல்ல, இன்ஜின் இல்ல, பேப்பரும் இல்ல. கதவுக்குக் கீழ துரு தின்னிருக்கு, கூரை மரச்சட்டம் பரவாயில்ல. பாடி வாங்கினது போக 12,000 டாலர் மிஞ்சும், அதுக்குள்ள வண்டி ரோட்டுல ஓடணும். 220 வோல்ட் மிக் வெல்டர், கிரைண்டர், செயின் ஹாய்ஸ்ட் இருக்கு. லேத் இல்ல.

மட்கார்டு, பானட் எதுவும் இல்லாம வி8 போட்டு ஹாட் ராடா (பழைய வண்டியில பெரிய இன்ஜின் மாட்டினது) ஓட்டுற எண்ணம். செவ்ரோலே எஸ்-10 பிக்கப் ஒண்ணு வாங்கி அது ஃப்ரேம் மேல பாடியை உக்கார வச்சா ஸ்டியரிங், பிரேக் எல்லாம் ஒரே விலையில வந்துடும்னு சொல்றாங்க. சரிதானா? இன்ஜின் செவ்ரோலேயோட பழைய 350 (கன அங்குலம்) வி8 நல்லதா, அதுக்கடுத்த தலைமுறை 5.3 லிட்டர் எல்.எஸ். வி8 நல்லதா?

பழைய இரும்பு:

பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் விஷயத்தைப் பாருங்க. மாடல் ஏ-வுல நம்பர் பாடியில இருக்காது. டிரைவர் பக்க ஃப்ரேம் ரெயிலோட (நீளச் சட்டம்) மேல்தளத்துல, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல உள்ள தடுப்பு) பக்கத்துல குத்தியிருப்பாங்க. ஃப்ரேம் இல்லாத பாடிக்கு சட்டப்படி அடையாளமே கிடையாது. "டைட்டில் (உரிமைப் பத்திரம்) மட்டும் விற்பனைக்கு"ன்னு வர்றதை வாங்கி ஒட்டவைக்காதீங்க, அது மோசடி வழக்குல போய் நிக்கும். ஓஹையோவுல சுயமா அசெம்பிள் பண்ண வண்டின்னு ஒரு வகை உண்டு. ஹைவே பேட்ரோல் (மாநிலப் போலீஸ்) வண்டியைச் சோதிக்கும். எந்தப் பாகம் எங்கே வாங்கினதுன்னு ரசீது கேப்பாங்க. காயலாங்கடையில அஞ்சு டாலருக்கு ஒரு பிராக்கெட் வாங்கினாலும் ரசீது வாங்கி ஒரே ஃபைல்ல போடுங்க. பாடிக்கும் கையெழுத்து போட்ட விற்பனைச் சீட்டு வேணும்.

எஸ்-10 விஷயம். 1940-கள், 50-கள் பிக்கப்புக்கு அது நல்லா பொருந்தும். மாடல் ஏ-வுக்கு வேண்டாம். உங்க பாடிக்கு வீல்பேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு நடுவுல உள்ள தூரம்) 103.5 அங்குலம், குட்டை எஸ்-10-க்கே 108.3. நடுவுல வெட்டிக் குறைச்சாலும் அகலம் இடிக்கும். மாடல் ஏ முன்பக்கம் குறுகிட்டே போகும், எஸ்-10 ரெயில் பாடிக்கு வெளிய பிதுங்கும். அதை மறைக்க பாடியைக் கீழ இறக்கினா உக்கார்ற இடம் போயிடும். மட்கார்டு இல்லாத வண்டியில எஸ்-10-ஓட கன்ட்ரோல் ஆர்மும் (முன்சக்கரத்தைத் தாங்குற கை) காயில் ஸ்பிரிங்கும் வெளிய தெரியறது கோமணத்தோட கல்யாணத்துக்குப் போன மாதிரி.

புதுசா அடிங்க. 2×4 அங்குல செவ்வகக் குழாய், 3/16 அங்குலத் தடிப்பு, 20 அடி நீளம் ரெண்டு போதும். ரெயில் போக மிச்சம் குறுக்குச் சட்டத்துக்கு ஆகும். ஃபயர்வால் கிட்ட உள்சுவர்ல வி மாதிரி வெட்டி, மடக்கி, பத்தவச்சு, மேல தகடு போட்டா முன்பக்கம் குறுகிடும். பின்னாடி ஆக்ஸிலுக்கு மேல ரெயிலை எழுப்பணும். அந்த மூலை ஒவ்வொண்ணுக்கும் உள்ளே முக்கோணத் தகடு கட்டாயம்.

கான்கிரீட் தளத்தை நம்பாதீங்க, எந்தக் கராஜும் மட்டமா இருக்காது. நாலு இடத்துல ஸ்டாண்ட் வச்சு, ஷிம் (மெல்லிய தகடு) கொடுத்து லெவல் பண்ணுங்க. குறுக்கு மூலைக்கு மூலை ரெண்டு அளவும் 1/16 அங்குலத்துக்குள்ள ஒத்துப்போகணும். 0.030 கம்பி, 75/25 ஆர்கான்-கார்பன் டைஆக்சைடு கேஸ். முதல்ல டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் போடுங்க. பாடி, இன்ஜின், ஆக்ஸில், ரேடியேட்டர், நீங்க உக்கார ஒரு பெட்டி, எல்லாத்தையும் வச்சுப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதுவும் ஒரு அங்குலம் இந்தப் பக்கம், ஒரு அங்குலம் எதிர்ப்பக்கம்னு மாத்தி மாத்தி. ஒரே மூச்சுல இழுத்தா ரெயில் வாழைப்பழம் மாதிரி வளையும்.

அச்சாணி:

ஃப்ரேம் பத்தி மேலே சொன்னது சரி. நான் முன்னும் பின்னும் சொல்றேன்.

முன்னாடி 4 அங்குலம் டிராப் பண்ண ஐ-பீம் ஆக்ஸில், குறுக்கு கமான் பட்டை, செவ்ரோலே வேகா கார்ல வர்ற மாதிரி கிராஸ் ஸ்டியரிங் (குறுக்கே தள்ளித் திருப்புற) பாக்ஸ். ஹேர்பின் (ஆக்ஸிலை ஃப்ரேமோட பிடிக்கிற வி வடிவக் கம்பி) போடறதா இருந்தா ஐ-பீம்தான். ஒரு சக்கரம் மேடு ஏறும்போது ஐ-பீம் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், குழாய் ஆக்ஸில் முறுக்காது. அதோட ஹேர்பின் சேர்த்தா பிராக்கெட் வெல்டிங் விரியும். குழாய் ஆக்ஸில் மலிவா கிடைச்சா ஃபோர்-பார் (பக்கத்துக்கு ரெண்டு இணைகம்பி) போடுங்க.

வண்டி முழு எடையில நிக்கும்போது ஷேக்கிள் (பட்டை முனையைப் பிடிக்கிற ஆடும் இணைப்பு) ஏறக்குறைய 45 டிகிரியில இருக்கணும். நிமிர்ந்து நின்னா பட்டையோட கண்ணுக்குக் கண் நீளம் தப்பு.

காஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சான கிங்பின் பின்பக்கமா சாயுற கோணம்) 5 முதல் 7 டிகிரி, டோ-இன் (சக்கரங்க முன்பக்கம் உள்ளே நெருங்குற அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். இதை ஃப்ரேம் மட்டமா இருக்கும்போது வச்சுட்டு அப்புறம் மூக்கை இறக்கினா காஸ்டர் போச்சு. ஒரு டிகிரி சாய்வுக்கு ஒரு டிகிரி காஸ்டர் குறையும். 40 மைல் வேகத்துல ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுதுன்னு வர்ற புகார்ல முதல்ல பார்க்க வேண்டியது இதுதான். அடுத்தது கிங்பின் புஷ், டை ராட் முனை, வீல் பேலன்ஸ். டாம்பர் (அதிர்வடக்கி) மாட்டி ஆட்டத்தை மறைக்கிறது வலி மாத்திரை போட்டுட்டு எலும்பு முறிவோட நடக்கிற மாதிரி.

கிராஸ் ஸ்டியரிங்னா பேன்ஹார்ட் பார் (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராம பிடிக்கிற கம்பி) வேணும். டிராக் லிங்குக்கு (ஸ்டியரிங் பாக்ஸையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) இணையா, கூடுமானவரை அதே நீளத்துல. இல்லேன்னா ஷேக்கிள்ல பாடி பக்கவாட்டுல நகரும்போது வண்டி தானா திரும்பும். ஸ்டியரிங் ஷாஃப்ட்ல ஒரு யூ-ஜாயின்ட் 30 டிகிரிக்கு மேல மடங்கக்கூடாது. மூணு ஜாயின்ட் போட்டா நடுவுல தாங்கு பேரிங் வேணும். ஸ்டியரிங் ஆர்ம், பிட்மேன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸ்ல மாட்டுற கை) ரெண்டையும் சூடாக்கி வளைக்கவோ பத்தவைக்கவோ கூடாது.

பின்னாடிக்கு 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 8.8 ஆக்ஸில். டிஸ்க் பிரேக்கோட வரும், ஷாஃப்ட் முனையில 31 ஸ்ப்ளைன் (பல்). அகலம் 59.5 அங்குலம், உங்க பாடிக்குக் கொஞ்சம் அதிகம். டிரைவர் பக்கக் குழாய் நீளம், மறுபக்கம் குட்டை. நீளமான பக்கத்துல சுமார் 3 அங்குலம் குறைச்சுட்டு, காயலாங்கடையில இன்னொரு குட்டை ஷாஃப்ட் வாங்கி மாட்டினா பினியன் (டிரைவ் ஷாஃப்ட் சேர்ற கியர்) நடுவுக்கு வந்துடும், லேத்தும் வேண்டாம். குழாய் வார்ப்புக்குள்ள அழுத்திச் செருகி பிளக் வெல்டு மட்டும் போட்டிருப்பாங்க. முறுக்குல சுழலக்கூடும், அதனால வார்ப்பைச் சூடேத்திட்டு சுத்திப் பத்தவைங்க. கியர்பாக்ஸ் பின்முனை 3 டிகிரி கீழ சாய்ஞ்சா பினியன் 3 டிகிரி மேல பார்க்கணும்.

கொலம்பஸ்காரன்:

எஸ்-10 ஆசையை விட்டாச்சு. பாடியோட மாடல் ஏ பிரேக் பாகங்கள் ஒரு பெட்டி நிறைய வருது. காசு மிச்சம் பண்ண முன்னாடி அதையே போடலாமா?

அச்சாணி:

கூடாது. அது கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக், 40 குதிரைசக்தி வண்டிக்குச் செஞ்சது. ஃபோர்டு ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்ததே 1939 மாடல்லதான். அந்தப் பெட்டியை ஒரிஜினலா மீட்டெடுக்கிறவங்களுக்கு வித்துடுங்க. முன்னாடி ஃபோர்டு ஸ்பிண்டிலுக்கான டிஸ்க் கிட், 1978-88 ஜி.எம். மெட்ரிக் கேலிப்பர் வர்ற மாதிரி. ரோட்டர் 5×4.5 போல்ட் அளவுல கேளுங்க, எக்ஸ்ப்ளோரரும் அதுதான். நாலு சக்கரமும் ஒத்துப்போகும்.

மாஸ்டர் சிலிண்டர் ரெட்டை அறை, 1 அங்குலத் துளை, பூஸ்டர் இல்லாம பெடல் விகிதம் 6:1. தரைக்கு அடியில மாட்டினா அது கேலிப்பரை விடத் தாழ்வா இருக்கும், நிறுத்தி வச்ச நேரத்துல எண்ணெய் திரும்பி ஓடிடும். முதல் மிதி தரை வரை போய் ரெண்டாவது மிதி கெட்டியா வந்தா அதுதான் காரணம். டிஸ்க் லைனுக்கு 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) ரெசிடுவல் வால்வு (லைன்ல கொஞ்சம் அழுத்தம் தக்கவைக்கிறது) முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு. டிரம்முக்கு 10. டிஸ்க்ல தவறி 10 போட்டா பேட் தேய்ஞ்சு புகையும். பின்பாரம் குறைவு, பின்சக்கரம் முதல்ல பூட்டும். அதனால பின் லைன்ல திருகி அட்ஜஸ்ட் பண்ற ப்ரொப்போர்ஷனிங் வால்வு (பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்கிறது). குழாய் 3/16 அங்குலம், முனை டபுள் ஃப்ளேர் (ரெண்டு மடிப்பா விரிச்சது) மட்டும். கம்ப்ரெஷன் ஃபிட்டிங் பிரேக்ல வேண்டவே வேண்டாம்.

கார்ப் கண்ணன்:

இன்ஜினுக்கு என் ஓட்டு 1996-2000 செவ்ரோலே பிக்கப்ல வந்த 350, எல்31 வோர்டெக். காரணம், அதுல ரோலர் லிஃப்டர் (கேம் ஷாஃப்ட் மேல உக்கார்ந்து வால்வைத் திறக்கிறது). பழைய 350-ல தட்டை லிஃப்டர். புது கேம் போட்டா துத்தநாகம் சேர்த்த ஆயில் ஊத்தி, ஸ்டார்ட் ஆனதும் 20 நிமிஷம் 2000-2500 ஆர்.பி.எம்.-ல ஓட்டணும். தவறினா கேம் மூக்கு தேய்ஞ்சு இரும்புத்தூள் இன்ஜின் முழுக்கப் பரவும். ஹெட்டும் வோர்டெக்தான் சிறந்தது.

கவனிக்க வேண்டியது:

இன்டேக் மேனிஃபோல்டு வோர்டெக்குக்கான 8 போல்ட் ரகம். பழைய 12 போல்ட் உக்காராது. மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் மாட்டுற இடம் பிளாக்ல குடைஞ்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க, இல்லேன்னா எலெக்ட்ரிக் பம்ப். 600 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து) கார்புரேட்டருக்கு 5-6 பி.எஸ்.ஐ. போதும். அதிகமானா ஃப்ளோட் தாங்காம பெட்ரோல் வழியும். டிஸ்ட்ரிபியூட்டர் மாத்தும்போது ரோலர் கேமுக்குப் பொருந்தின பதப்படுத்தின கியர் கேளுங்க, சாதா வார்ப்பிரும்பு தின்னுடும். டைமிங் (பிளக்ல பொறி முன்கூட்டி விழற கோணம்) மொத்தம் 32-34 டிகிரி, அதுக்கு மேல இந்த ஹெட்டுக்குத் தேவையில்ல.

350-ல டிஸ்ட்ரிபியூட்டர் பின்னாடி, ஃபயர்வாலைக் குடையணும். ஆனா ஆயில் சம்பும் பின்னாடி இருக்கறதால முன் ஆக்ஸிலுக்கு இடம் கிடைக்கும். குட்டை வாட்டர் பம்ப் போடுங்க, ரேடியேட்டருக்கு இடம் மிஞ்சும்.

பழைய இரும்பு:

கார்ப் கண்ணனோட முழுக்க உடன்பாடு இல்ல. 1999-2007 பிக்கப் 5.3 இப்போ எந்த யார்டுலயும் கிடைக்குது, குளிர்ல ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகும். ஆனா இன்ஜின் விலையை மட்டும் பார்க்காதீங்க. வயரிங், கம்ப்யூட்டர்ல திருட்டுப் பூட்டை நீக்குறது, 58 பி.எஸ்.ஐ. பம்ப், ரிட்டர்ன் லைன், பிக்கப்போட ஆழமான ஆயில் பேன் தரையில உரசும்னு அதை மாத்துறது, எல்லாம் கூட்டிப் பாருங்க. 12,000-க்குள்ளன்னா கார்புரேட்டர்தான். இதுல மட்டும் அவர் சரி.

கொலம்பஸ்காரன்:

கியர்பாக்ஸ் டி.எச்.350 (மூணு கியர் ஆட்டோமேட்டிக்) போட்டா ஹைவேல ரொம்பக் கத்துமா? எக்ஸ்ப்ளோரர் 3.73 ஆக்ஸில்தான் பார்த்து வச்சிருக்கேன்.

கார்ப் கண்ணன்:

கணக்கு: மைல் வேகம் × ஆக்ஸில் விகிதம் × 336 ÷ டயர் உயரம். 65 மைல், 3.73, 28 அங்குல டயர்னா சுமார் 2900 ஆர்.பி.எம். 30 அங்குல டயர்னா 2700. தாங்கும், ஆனா மணிக்கணக்கா ஓட்டினா காது வலிக்கும். அதே 28 அங்குல டயரோட 700ஆர்4 (நாலு கியர் ஆட்டோமேட்டிக்) போட்டா ஓவர்டிரைவ் 0.70, சுமார் 2040-க்கு இறங்கும். ஒரே எச்சரிக்கை, அதோட டி.வி. (த்ராட்டில் வால்வு) கேபிள் கார்புரேட்டர்ல சரியான கோணத்துல இழுக்கணும், அதுக்கு தனி பிராக்கெட் உண்டு. கேபிள் தளர்வா இருந்தா பிரஷர் குறைஞ்சு கிளட்ச் கருகும், சில மைல்லயே. டி.எச்.350-ல அந்தத் தொல்லை இல்ல. அவசரம் இல்லேன்னா 3.55 ஆக்ஸில் தேடுங்க.

அச்சாணி:

சூடு பத்தி யாரும் சொல்லல. ரேடியேட்டர் மூடி இன்ஜினை விடத் தாழ்ந்துட்டா தெர்மோஸ்டாட் கிட்ட காத்து அடைச்சுக்கும், மேல ஒரு நிரப்பு வாய் வைங்க. ஃபேனுக்கு ஷ்ரௌடு (ஃபேனைச் சுத்தின உறை) கட்டாயம். சிக்னல்ல நிக்கும்போது மட்டும் சூடேறினா காத்தோட்டம் இல்லேன்னா டைமிங். ஓடும்போது சூடேறினா தண்ணி ஓட்டம், கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்குதான்னு பாருங்க.

முதல் 100 மைல் ஹைவே வேண்டாம். 10 மைல்ல வீல் நட், 50-ல யூ-போல்ட், பேன்ஹார்ட், பிரேக் ஃபிட்டிங். 100-ல திரும்ப எல்லாம். பெயின்ட் அதுக்கப்புறம், ஏன்னா பாதி பிராக்கெட்டை எப்படியும் வெட்டி மாத்துவீங்க.