டாட் யேக்லியின் ஆட்டத்தையும் கோச்சிங்கையும் நேரில் பார்த்தவர்கள்

அமெரிக்காவில் ப்ளூமிங்டன் ஊரில் இருக்கும் இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது அங்கே கூடைப்பந்து பைத்தியம் பற்றி மட்டும்தான் கேள்விப்பட்டிருந்தேன். கால்பந்துக்கு என்னை இழுத்துப் போனது ரூம்மேட். பில் ஆம்ஸ்ட்ராங் ஸ்டேடியத்தில் புல்தரையைச் சுற்றி ஒரு கரித்துகள் பாதை ஓடும். வசந்தத்தில் 'லிட்டில் 500' சைக்கிள் பந்தயம் அதில்தான். அந்தப் புல்தரைக்கு ஜெரி யேக்லி பெயர். இந்தியானாவுக்கு ஆறு தேசியக் கல்லூரிக் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் அவர். ஓரக்கோட்டில் நின்றுகொண்டிருந்த கோச் அவருடைய மகன் டாட் யேக்லி. அப்பா பெயர் போட்ட மைதானத்தில் மகன் கோச் என்றால் நம் ஊரில் என்ன பேசுவோம் என்று தெரியும்தானே. நானும் அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம் அவர் வந்த வழியைத் தேடிப் படித்தேன். 1991 முதல் 1994 வரை அதே இந்தியானாவில் அப்பாவிடம் மிட்ஃபீல்டர். கடைசி வருட ஃபைனலில் வர்ஜீனியாவிடம் 1-0 தோல்வி. 1996இல் எம்.எல்.எஸ். என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கிய வருடமே கொலம்பஸ் க்ரூ அணியில் சேர்ந்து, 2002 வரை அந்த ஒரே அணிக்கு ஆடினார். நேராக கோச் நாற்காலிக்கும் வந்துவிடவில்லை. சில வருடம் இந்தியானாவில் உதவிப் பயிற்சியாளர், 2009இல் விஸ்கான்சினில் ஒரு பருவம் தலைமைக் கோச், 2010இல்தான் வீடு திரும்பினார். 2012 தேசியக் கல்லூரிப் போட்டித் தொடரில் இந்தியானாவுக்குக் கிடைத்த தரவரிசை 16. முதலிடத்தில் இருந்த நோட்டர்டேமை வழியில் சாய்த்து, ஃபைனலில் ஜார்ஜ்டவுனை 1-0 என்று ஜெயித்தார்கள். ஆட்டக்காரனாகக் கைவிட்டுப் போன கோப்பை கோச்சாக வந்து சேர்ந்தது.

ஆட்டம் நடக்கும்போது அவர் பந்தை அதிகம் பார்ப்பதில்லை, தன் நடுக்களத்து ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பழைய மிட்ஃபீல்டர் புத்தி போகுமா!

* * *

மேலே எழுதியவரே, 2012 கோப்பையைச் சொன்னீர்கள், சரி. அதற்கப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டாமா? நான் வட கரோலினாவில் கேரியில் இருக்கிறேன். கல்லூரி ஃபைனல் எங்கள் ஊருக்கு அடிக்கடி வரும். 2022 டிசம்பர் ஃபைனலுக்கு இரவுக் குளிரில் போய் உட்கார்ந்தேன். சிராக்யூஸ் இரண்டு முறை முன்னால் போனது, இரண்டு முறையும் இந்தியானா சமன் செய்தது. 2-2. எக்ஸ்ட்ரா டைமிலும் முடிவில்லை. பெனால்டியில் 7-6 என்று சிராக்யூஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இது மட்டும் இல்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்டிடம் இரண்டாவது எக்ஸ்ட்ரா டைமில், கொரோனாவால் 2021 மே மாதத்துக்குத் தள்ளிப்போன ஃபைனலில் மார்ஷலிடம், இரண்டுமே 1-0. அப்போது கல்லூரி ஆட்டத்தில் 'கோல்டன் கோல்' விதி இருந்தது. எக்ஸ்ட்ரா டைமில் ஒரு கோல் விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, திருப்பி அடிக்க ஒரு நிமிடம்கூடக் கிடையாது. மூன்று ஃபைனலிலும் 90 நிமிடத்துக்குள் இந்தியானாவை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. இதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

* * *

கொலம்பஸிலிருந்து எழுதுகிறேன். நான் பழைய க்ரூ ரசிகன். சொந்த ஸ்டேடியம் 1999இல்தான் வந்தது. அதுவரை ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பிரம்மாண்ட அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில்தான் ஆட்டம், பாதி இருக்கை காலியாகவே கிடக்கும். அங்கே யேக்லியோடு ஆடிய இன்னொரு மிட்ஃபீல்டர் பிரையன் மேசனூவ். இந்தியானாவிலும் இருவரும் சேர்ந்து ஆடியவர்கள். மேசனூவ் 1998 உலகக் கோப்பை வரை போனார், யேக்லிக்கு அது அமையவில்லை. கோச்சிங்கில் வரிசை மாறியது. யேக்லி தலைமை, மேசனூவ் எட்டு பருவம் அவருக்கு உதவி.

2003இல் யேக்லியின் அப்பா ஓய்வு பெற்றபோது கடைசிக் கோப்பையை வாங்கியதும் எங்கள் க்ரூ ஸ்டேடியத்தில்தான். மகன் அப்போது அவருடைய உதவியாளர், முந்தைய வருடம் வரை அதே புல்தரையில் ஆடியவர். எய்டன் மோரிஸும் இந்தியானாவில் யேக்லியிடம் ஒரு பருவம் ஆடிவிட்டுத்தான் க்ரூவுக்கு வந்து, 2020இல் 19 வயதில் எம்.எல்.எஸ். கோப்பை ஃபைனலில் முதல் பதினொருவரில் இறங்கினான். அவனும் மிட்ஃபீல்டர்தான்.

2018இல் மேசனூவ் ஓஹையோ ஸ்டேட்டுக்குத் தலைமைக் கோச்சாக வந்துவிட்டார். 2024இல் அணியை தேசியக் கல்லூரித் தொடரின் அரையிறுதி வரை கொண்டுபோனார். என் பெண் படிப்பது ஓஹையோ ஸ்டேட்டில். இந்தியானா இங்கே ஆட வந்தால் சிவப்புச் சட்டையோடு எந்தப் பக்கம் உட்காருவது என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். நல்லவேளை, இரண்டு அணிக்கும் சிவப்புதான்.