முதல் மாரத்தானுக்குத் தயாரானபோது நடுவில் நின்றுபோன அனுபவம் உண்டா? பகிருங்கள்

ஊத்தங்கரையிலிருந்து

எனக்கு வயது 43. பால் சொசைட்டியில் வேலை. காலை 5 மணிக்குப் பால் வர ஆரம்பித்தால் 8 மணி வரை தலை நிமிர முடியாது. அதனால் விடியற்காலை ஓட்டம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு என்னோடு வேலை செய்யும் தம்பி பார்த்துக்கொள்வான். மற்ற நாளெல்லாம் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு. 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தேன். அடுத்த ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் 8 கிலோமீட்டர் நிற்காமல் ஓடினேன். மே மாதம் 5 கூட முடியவில்லை. ஜூனில் 2 கிலோமீட்டரிலேயே நெஞ்சு படபடவென்று அடித்து, ரோட்டோரப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் வெயில் என்றார். மாமியார், "வயசாகுதில்ல, போதும் உடு" என்றார். நான் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நினைத்து, மறுநாள் இன்னும் வேகமாக ஓடப் பார்த்தேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

ஒரு நாள் கேன் தூக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது ஓட்டத்தைப் பற்றி இல்லை. "மாசமானா எத்தனை நாள் போகுது?" என்று கேட்டார். ஏழெட்டு நாள் என்றேன். எத்தனை வருஷமா? மூணு வருஷமா. அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. பொம்பளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

ஹீமோகுளோபின் 7.9 இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 வேண்டும். மூச்சில் இழுக்கிற பிராணவாயுவை ரத்தத்தில் ஏற்றிக் காலுக்குக் கொண்டுபோவது அதுதான். அது இல்லாதபோது நுரையீரல் எவ்வளவு இழுத்தாலும் காலுக்குப் போய்ச் சேராது. வேகமாக ஓடப் பார்த்ததெல்லாம் எண்ணெய் இல்லாத மோட்டாரை மிதித்த மாதிரி. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி தெரிந்தது. உதிரப்போக்கு குறைய ஒரு மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, மூன்று மாதம் நடை மட்டும். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று முன்னாடியே சொல்லி அனுப்பினார். சொல்லாமல் விட்டிருந்தால் பயந்து நிறுத்தியிருப்பேன். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். டீ இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும்.

செப்டம்பரில் ஹீமோகுளோபின் 11.2. அன்றைக்கு மெதுவாக 3 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. வாங்கவே இல்லை! நடுரோட்டில் நின்று அழுதேன்.

பிறகு வாரம் வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, நவம்பர் 24-இல் 26 கிலோமீட்டர் முடித்தேன். அடுத்த ஞாயிறு, டிசம்பர் 1, 30 கிலோமீட்டர் திட்டம். அந்த ஞாயிறுதான் ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கம் வந்தது. கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம். கடலே இல்லாத ஊரில் நாங்கள் புயலை எங்கே எதிர்பார்த்தோம்? ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி நிரம்பி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் போனதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். மாட்டைத் திண்ணை மேல் ஏற்றி, விடியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓடுகிற ஷூ எங்கே போனது என்று யாருக்குத் தெரியும்.

பதினோரு நாள் சேறு அள்ளினேன். ஓட்டத்தைப் பற்றி நினைக்கக்கூட வெட்கமாக இருந்தது. ஊரே இப்படிக் கிடக்கும்போது ஓட்டம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்று. வீட்டுக்காரர்தான் கிருஷ்ணகிரி போய் ஒரு ஜோடி வாங்கி வந்து வாசலில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

விட்ட கிலோமீட்டரையெல்லாம் சேர்த்து ஓட ஆசை வந்தது. ஓடவில்லை. ஜூனில் பட்டது போதும். டிசம்பர் 15-இல் 24 மட்டும். அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டே வந்தேன். போட்டி அன்று சென்னைக் காற்று ஈரத் துணியைப் போர்த்தின மாதிரி இருந்தது. எங்கள் ஊர் ஜனவரிக் குளிர் எங்கே, அது எங்கே. வெறும் தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் உப்பும் எலுமிச்சையும் கலந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். வியர்வையில் உப்பு போகும்போது தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் அதுவே ஆபத்து. இடுப்புப் பையில் கடலை உருண்டை. 33-க்கு மேல் பாதி நடை, பாதி ஓட்டம். 5 மணி 52 நிமிஷம்.

தருமபுரியிலிருந்து

அக்கா, படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. நான் பென்னாகரம் பக்கம் பிறந்தவன், வயசு 50. எங்க போர் தண்ணியில புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுன்னு சொல்வாங்க. ஒகேனக்கல் குடிநீர் 2013-ல வர்றதுக்கு முன்னாடி அதைத்தான் குடிச்சு வளர்ந்தோம். பல்லுல கறை இருக்கு. அதனால 15 கிலோமீட்டர் தாண்டினதும் முட்டிக்கு வெளிப்பக்கம் குத்த ஆரம்பிச்சப்போ, எலும்புல புளோரைடு ஏறிடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எட்டு மாசம் ஓடல. எக்ஸ்ரேல எலும்பு நல்லாவே இருந்துச்சு. இடுப்புச் சதை பலமில்லாம, தொடையோட வெளிப்பக்கப் பட்டை முட்டியில உரசுதுன்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னாரு. ஒருக்களிச்சுப் படுத்து காலைத் தூக்கற பயிற்சி, தினமும் ரெண்டு வேளை. பத்து வாரத்துல தொப்பூர்ப் பக்கம் மேட்டுல ஓடினேன். அந்த எட்டு மாசத்தை நினைச்சாத்தான் இன்னமும் ஆறல.

ஓசூரிலிருந்து

அக்கா, எனக்கு 24 வயசு. எனக்கும் கம்பெனியில ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ஆனா வீட்டுல தினமும் களி சாப்பிடறோமே, ராகி சாப்பிடறவங்களுக்கு ரத்தம் குறையாதுன்னு அம்மா சொல்றாங்க. ஓட ஆரம்பிக்கலாமா?

ஊத்தங்கரையிலிருந்து

தங்கச்சி, நானும் களி சாப்பிட்டு வளர்ந்தவதான். ராகியில சுண்ணாம்புச்சத்து நிறைய. இரும்பும் இருக்கு, ஆனா உடம்புல சேர்றது கொஞ்சம்தான். தானியத்துலயே அதைப் பிடிச்சு வைக்கிற பொருள் இருக்கு. ஊறவெச்சு முளைகட்டி அரைச்சா அது குறையும். எங்க பாட்டி அப்படித்தான் மாவு பண்ணுவாங்க, நாமதான் விட்டுட்டோம். கூட ஒரு நெல்லிக்காய் கடிச்சுக்கோ.

ஆனா சாப்பாட்டை மட்டும் நம்பி இருக்காதே. முதல்ல ரத்தம் பாரு. ஹீமோகுளோபினோட, உடம்புல இரும்பு இருப்பு எவ்வளவுன்னு காட்டற ஃபெரிட்டினையும் எடுக்கச் சொல்லு. மாசம் எத்தனை நாள்னு டாக்டர் கேக்கலைன்னா நீயே சொல்லு. கூட வர ஆள் இல்லைன்னா எழுது, நான் பஸ் ஏறி வர்றேன். பத்து மணிக்கு மேலன்னா எனக்குச் சொசைட்டி வேலை முடிஞ்சிருக்கும்.