‘மதிப்பீடு’ ஒன்று, வேலை நான்கு: பயிற்சிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கையேட்டுக் குழு, யாழ்ப்பாணம்:

அன்புடையீர்,

பிரதேச சபை, நகர சபை உத்தியோகத்தர்களுக்கான பொது முதலீட்டு முகாமைத்துவக் கையேட்டில் (பொதுப் பணத்தில் எதைக் கட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்பது பற்றியது) ஒரு சொல் இடிக்கிறது. (‘மேலாண்மை’யா ‘முகாமைத்துவ’மா என்று மறுபடி தொடங்க வேண்டாம். எங்கள் அலுவலகங்களில் முகாமைத்துவம் வேரூன்றிவிட்டது.)

ஒரு கருத்திட்டத்தை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க முன் செய்யும் ஆய்வு ஆங்கிலத்தில் ‘அப்ரைசல்’. தமிழில் அது மதிப்பீடு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடும் ‘எஸ்டிமேற்’றும் மதிப்பீடுதான். கட்டி முடித்துச் சில ஆண்டு கழித்துப் பயனைப் பார்ப்பதும் மதிப்பீடு. சோலைவரிக்காக வீட்டின் பெறுமதியைக் குறிப்பதும் அதே மதிப்பீடு.

‘மதிப்பீடு இணைக்கப்பட்டுள்ளதா?’ என்று படிவம் கேட்டால் என்ன இணைப்பார்கள்? 400 மீற்றர் ஒழுங்கை, 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு, ஆக 180 கனமீற்றர் கொங்கிறீற்று. கணக்குப் பிழையில்லை. ஆனால் மாரித் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகும், இரண்டு பக்கத்து வளவையும் விட ஒழுங்கை எத்தனை அங்குலம் உயரும் என்று அந்தத் தாளில் இராது. கட்டத்தில் ‘சரி’ விழுந்துவிடும். கார்த்திகையில் ஒழுங்கை காய்ந்திருக்க, வெள்ளம் முற்றத்தில் நிற்கும்.

பொது முதலீட்டுக்காக உலக வங்கி 2010 இல் வெளியிட்ட சட்டகத்தில் எட்டுப் படிகள்: வழிகாட்டலும் முதற்கட்ட வடிகட்டலும், அப்ரைசல், அதன்மேல் சுயாதீன மீளாய்வு, தெரிவும் பாதீடும், அமுலாக்கம், இடையில் திருத்தம், சொத்தை இயக்குதல், கடைசியில் பயன் பார்த்தல். எங்கள் வரைவில் இரண்டாம் படியும் எட்டாம் படியும் ஒரே பெயரில் நிற்கின்றன.

இரண்டாம் படிக்கு ‘முன்மதிப்பீடு’ பொருந்துமா?

பொறியியலாளர் ஒருவர், சாவகச்சேரி:

பொருந்தாது. வரைபடம் முழுதாக வர முன், சதுர அடிக்கு இவ்வளவு என்று போடும் பருமட்டான செலவுக் கணக்கை எல்லாரும் அப்படித்தான் விளங்கிக்கொள்வார்கள். திரும்பவும் கொங்கிறீற்றுக்கே வந்து நிற்போம்.

‘சாத்தியவள ஆய்வு’ என்று இன்னொருவர் சொல்ல முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதுவும் வேறு. கட்ட முடியும் என்பது ஒன்று, கட்டத் தகும் என்பது இன்னொன்று. பயிற்சிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடிச் சந்தைக் கட்டடம், கீழே 12 கடை, மேலே 12. மாத வாடகை 8,000 ரூபா. எல்லாம் நிரம்பினால் ஆண்டுக்கு 2,304,000. ஆனால் மரக்கறிப் பையோடு படியேற யார் விரும்புவார்? மேல்மாடி பூட்டிக் கிடந்தால் 1,152,000. மின்சாரம், காவல், துப்புரவு, பராமரிப்பு 1,500,000 என்றால் ஆண்டுக்கு 348,000 துண்டு விழும். மண் நல்லது, அத்திவாரம் நல்லது, காணி உறுதி சரி. சாத்தியம் முழுச் சாத்தியம்! தகுமா என்பதுதான் கேள்வி. கட்டுகிற பணம் நன்கொடையாக வந்தாலும் துண்டு விழுவது சபையின் சொந்த வருமானத்தில்தான்.

அதனால் தகவு + ஆய்வு = தகவாய்வு.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர், நல்லூர்:

ஐயா, சொல் அழகு. இரண்டு தடை.

ஒன்று, தட்டச்சில் ‘தகவலாய்வு’ ஆகிவிடும். ‘தகவு’ அலுவலகத்தில் புழங்காத சொல், ‘தகவல்’ நாள் முழுக்கப் புழங்குவது. கை தானாக ‘ல’வைப் போடும்.

இரண்டு, ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்கிறது குறள். எச்சத்தை, அதாவது பின்னால் விட்டுச் சென்றதை, பார்த்துத் தகவு அறிவது எட்டாம் படி, இரண்டாம் படி அல்ல!

‘தகுதியாய்வு’ என்றால் ஒப்பந்த வேலைக்கு விலை கோரும் கேள்விதாரரின் தகுதியைப் பார்ப்பதாக நினைப்பார்கள். ‘தகுதிகாண்’ (புதிதாகச் சேர்ந்தவரைப் பார்க்கும் காலம்) ஏற்கெனவே நியமனக் கடிதத்தில் இருக்கிறது. ‘தெரிவாய்வு’ என்றால் நான்காம் படியோடு கலக்கும், மேலும் தெரிவு என்பது சபையின் அதிகாரம். எனவே தகவையே வைத்துக்கொண்டு ‘தகவு ஆய்வு’ என்று பிரித்து எழுதலாம். மற்றவற்றில் ‘மதிப்பீடு’ தனியாக நிற்கக்கூடாது: செலவு மதிப்பீடு, பயன் மதிப்பீடு, வரி மதிப்பீடு.

கையேட்டுக் குழு:

ஏற்றுக்கொள்கிறோம், பிரித்தே எழுதுகிறோம். படிவத்தில் பழைய கட்டத்தை எடுத்துவிட்டு இரண்டு கட்டம் வைக்கிறோம்: ‘தகவு ஆய்வு’, ‘செலவு மதிப்பீடு’. முதலாவது நிரம்பாமல் இரண்டாவதைத் தொடக்கூடாது. முதலாவதற்குக் கீழே ஐந்து கேள்வி: யாருக்கு என்ன குறை, வேறு வழி உண்டா (மதகைத் துப்புரவாக்கினாலே போதுமா), நீர் எங்கே போகும், ஆண்டுச் செலவு எந்தத் தலைப்பிலிருந்து வரும், செய்யாவிட்டால் என்ன நடக்கும்.

காலம் பற்றியும் ஒரு குறிப்புச் சேர்க்கிறோம். ஆடி வெயிலில் போய்ப் பார்த்தால் எந்த ஒழுங்கையும் நல்ல ஒழுங்கைதான். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நின்ற உயரத்தை மதிலில் பெயின்ற்றால் குறித்து, அடுத்த ஆனிக்குள் தகவு ஆய்வை முடித்தால்தான் ஆண்டு இறுதிப் பாதீட்டுக்குள் கொண்டுபோகலாம். நிதி வந்தபின் தொடங்கினால், மழைக்குள் கொங்கிறீற்றுப் போட்டு டிசெம்பர் 31 க்குள் பட்டியல் தீர்க்கிற ஓட்டம்தான் மிஞ்சும்.

மூன்றாம் படி இன்னும் தீரவில்லை. ஒரே தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருக்கும் சபையில், தகவு ஆய்வு எழுதுபவரும் அவர், செலவு மதிப்பீடு போடுபவரும் அவர். ‘சுயாதீன மீளாய்வு’ என்றால் பக்கத்துச் சபையின் உத்தியோகத்தரைக் கூப்பிடுவதா? அப்படியென்றால் ‘சுயாதீன’ என்பதை விட ‘பிறர் மீளாய்வு’ பொருத்தமோ? உங்கள் கருத்தை எழுதுங்கள்.