பங்குமுறையில் கடலுக்குப் போகிறவருக்கு விபத்து இழப்பீடு உண்டா?

சாட்ஸ்வர்த் அக்கா (கேள்வி):
என் தம்பி டர்பன் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒரு தூண்டில் படகில் வேலை செய்கிறான். சென்ற மாதம் நங்கூரக் கயிற்றை இழுக்கும் வின்ச்சில் வலது கை சிக்கி இரண்டு விரல்கள் நசுங்கின. ஒன்றின் நுனியை மருத்துவர்கள் எடுத்துவிட்டார்கள். மாதச் சம்பளம் கிடையாது, பிடிக்கும் மீனில் பங்குதான் என்பதால் அவன் தொழிலாளி அல்ல, கூட்டாளி என்கிறார் படகு முதலாளி. காயங்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று முன்பே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். கரைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆயிற்று. அதுவரை யாரும் ரேடியோவில் மருத்துவ உதவி கேட்கவில்லை. அப்படிக் கேட்க வழி உண்டா? இழப்பீட்டுக்கு எங்கே போவது?

தொழிலாளர் சட்ட வாசகர்:
அக்கா, பங்கு என்ற ஒரே காரணத்தால் உங்கள் தம்பியை ஒதுக்கிவிட முடியாது. கோய்டா என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்காவின் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் இழப்பீட்டுச் சட்டம், ஊதியம் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டாலும், செய்த வேலையைக் கொண்டு கணக்கிடப்பட்டாலும், பணமாகவோ பொருளாகவோ கொடுக்கப்பட்டாலும், ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும்கூட, வேலை ஒப்பந்தத்தின் கீழ் உழைப்பவரைத் தொழிலாளி என்றே கொள்கிறது. படகு யாருடையது, எப்போது புறப்பட வேண்டும் என்று முடிவு செய்பவர் யார், மீனை விற்றுக் கணக்குப் பார்ப்பவர் யார் என்பவையே இங்கு கேட்க வேண்டிய கேள்விகள். தம்பிக்குப் படகில் சொந்தப் பங்குடைமை இருந்தால்தான் 'கூட்டாளி' என்ற வாதத்துக்கு ஏதேனும் பலம் உண்டு.

கையெழுத்து வாங்கிய தாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இச்சட்டத்தின் பயன்களைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாகச் செய்யும் உடன்பாடு செல்லாது. இச்சட்டத்தின்படி இழப்பீடு தரும் அரசு நிதியத்தில் முதலாளி பதிவு செய்யாமல் இருந்தாலும் கோரிக்கை செல்லும், தண்டம் அவருக்குத்தான்.

விபத்தை அறிந்த ஏழு நாட்களுக்குள் அவர் நிதியத்துக்கு அறிவித்திருக்க வேண்டும். அவர் அறிவிக்கவில்லையென்றால் டபிள்யூ.சி.எல்.3 படிவத்தை நிரப்பித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தம்பியே கொடுக்கலாம். விபத்து நடந்த 12 மாதங்களுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு, வருவாயில் 75 விழுக்காடு கிடைக்கும். முதல் மூன்று மாதங்களுக்கு அதை முதலாளியே கொடுத்துவிட்டுப் பிறகு நிதியத்திடம் பெற்றுக்கொள்ள வேண்டும். விரல் நுனி போனது நிரந்தர ஊனம் என்பதால் அதற்குத் தனி மதிப்பீடு உண்டு. ஊனம் 30 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் மொத்தத் தொகையாகத் தருவார்கள்.

பங்குக்காரர்கள் பலர் தடுமாறுவது வருவாயை நிரூபிக்கும் இடத்தில்தான். மீன் விற்ற சீட்டுகள், வங்கியில் விழுந்த தொகைகள், முதலாளி பங்கு பிரித்து அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

முன்னாள் ஸ்கிப்பர்:
ரேடியோவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வி.எச்.எஃப். 16ஆம் அலைவரிசையில் அழைத்தால் கரை நிலையம் பதில் தரும். அவர்கள் மருத்துவரோடு பேச ஏற்பாடு செய்வார்கள், தேவைப்பட்டால் கேப் டவுனிலுள்ள கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்வார்கள். 1967 முதல் இயங்கும் என்.எஸ்.ஆர்.ஐ. என்ற கடல் மீட்பு அமைப்பின் தொண்டர்கள் காயமடைந்தவரைப் படகிலிருந்து இறக்கிக்கொண்டு போவதற்குக் கட்டணம் கேட்பதில்லை. மீன்பிடிப் பயணம் கெட்டுவிடும் என்று சில ஸ்கிப்பர்கள் (படகுத் தலைவர்கள்) அழைக்கத் தயங்குகிறார்கள். அதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அழைப்பால் இன்னொரு நன்மையும் உண்டு: நேரம், இடம், காயத்தின் தன்மை மூன்றும் கரையில் பதிவாகிவிடும். "படகில் நடக்கவில்லை, வீட்டில் நடந்தது" என்று பின்னர் யாரும் சொல்ல முடியாது. உங்கள் தம்பிக்கு அந்தப் பதிவு இல்லை. ஆகவே மருத்துவமனையில் முதல் நாளில் எழுதிய குறிப்பின் நகலை வாங்குங்கள். "வேலையின்போது, படகு வின்ச்சில்" என்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் அதைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைக்க வேண்டும். படகில் பனிக்கட்டி நிறைய இருக்கிறது என்று நேராக அதற்குள் புதைக்கிறார்கள், திசு கெட்டுவிடும்.

பீனிக்ஸ் அன்பர்:
நிதியத்தின் வேகத்தை நான் அறிவேன். வழக்கறிஞரைப் பிடித்து முதலாளி மீது நேரடியாக வழக்குப் போடுவதே மேல் என்பது என் கருத்து.

தொழிலாளர் சட்ட வாசகர்:
ஐயா, தாமதம் உண்மைதான். ஆனால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. இச்சட்டத்தின் 35ஆம் பிரிவு, வேலையில் ஏற்பட்ட காயத்துக்காக முதலாளி மீது நட்டஈட்டு வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. வின்ச்சுக்குக் காப்புத் தகடு இல்லாதது போன்ற முதலாளியின் கவனக்குறைவு இருந்தால், 56ஆம் பிரிவின்படி கூடுதல் இழப்பீடு கேட்கலாம். வழக்கறிஞருக்கு உண்மையில் வேலை இருக்கும் இடம் அதுதான்.

கடல் பாதுகாப்பு ஆணையமான சாம்சாவுக்கும் எழுதுங்கள். மீன்பிடி வேலை பற்றிய 188ஆம் எண் உலகத் தொழிலாளர் ஒப்பந்தத்தைத் தென்னாப்பிரிக்கா 2013இல் ஏற்றது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. எழுத்து வடிவ வேலை ஒப்பந்தம், மருந்துப் பெட்டி, முதலுதவி பயின்ற ஒருவர் ஆகியவற்றை அது எதிர்பார்க்கிறது. 2018இல் இந்த ஒப்பந்தத்தின் கீழ் உலகிலேயே முதன்முறையாக ஒரு மீன்பிடிக் கப்பல் தடுத்து வைக்கப்பட்டது கேப் டவுனில்தான்.

சாட்ஸ்வர்த் அக்கா:
மிக்க நன்றி. படகு தம்பியுடையது அல்ல. தூண்டில்கூட முதலாளி வாங்கிக் கொடுத்ததே. வின்ச்சின் தகடு நெடுநாளாகக் கழன்று கிடந்ததாக உடன் போன இருவர் சொல்கிறார்கள்.

முன்னாள் ஸ்கிப்பர்:
அந்த இருவரும் வேறு படகில் ஏறுவதற்கு முன் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள் அக்கா. தகட்டைச் சரிசெய்வதற்குள் வின்ச்சைப் படம் எடுக்கவும் சொல்லுங்கள்.