கலைச்சொல் வேணும்: டிரான்ஸ்பார்மருக்கு அடியில இருக்குற குழிக்கு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். துணைமின் நிலையத்துல வேலை பாக்குற ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்புக் கையேடு ஒண்ணு தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாகணும். எண்ணெய் நிரப்பின டிரான்ஸ்பார்மரால மண்ணுக்கும் தண்ணிக்கும் என்ன கேடுன்னு ஒரு பகுதி. மின்மாற்றி, காப்பெண்ணெய், கசிவு இதெல்லாம் பிரச்சினை இல்ல. அடியில ஜல்லி கொட்டி ஒரு குழி கட்டியிருப்பாங்களே, சோக் பிட், அதுலதான் நிக்கிறேன். முன்னாடி யாரோ பண்ணின வரைவுல 'உறிஞ்சுகுழி'ன்னு போட்டிருக்கு. நூறு நாள் வேலையில வீட்டுக்கு வீடு வெட்டினாங்களே, அதுதான் நம்ம சனங்களுக்கு உறிஞ்சுகுழி, கழிவுநீரை மண்ணுக்குள்ள இறக்கறதுக்கு. இங்க எண்ணெய் மண்ணுக்குள்ள இறங்கவே கூடாதுன்னுதான் குழியே கட்டுறோம். அதே பேரைப் போட்டா, பழைய எண்ணெயை இதுல ஊத்திடலாம், மண்ணு குடிச்சுக்கும்னுதானே படிக்கிறவர் நெனைப்பார்?

இன்னொண்ணு பிசிபி. பசங்களுக்கு பிசிபின்னா சர்க்யூட் போர்டு, ஆபீஸ்காரங்களுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம். நான் சொல்றது பழைய டிரான்ஸ்பார்மர்ல இருந்த நச்சு எண்ணெய், பாலிகுளோரினேட்டட் பைபீனைல். ரெண்டுக்கும் சொல் தாங்க.
(மொழிபெயர்ப்பாளர், மதுரை)

——

அன்புடையீர், குழிக்குப் போறதுக்கு முன்னாடி எண்ணெய்க்கு வருவோம். எள்ளின் நெய்தான் எண்ணெய், இது எல்லாருக்கும் தெரியும். பெட்ரோலியத்துலேர்ந்து வடிச்ச திரவத்தை எப்படி எண்ணெய்னு சொல்றது? நெய்ங்கறதுதான் பொதுச்சொல், ஆக 'கனிமநெய்'ங்கறதே சரி. குழிக்கு 'பிடிகுழி'ன்னு யாராவது சொல்லிடுவீங்களோன்னு பயமா இருக்கு, பிடின்னா பெண்யானை, அப்புறம் அது யானையைப் பிடிக்கிற குழியாயிடும், அதுக்குச் சங்கப் பாட்டுலயே பயம்புன்னு அழகான சொல் இருக்கு. என் பரிந்துரை 'ஏந்துகுழி'. கீழ விழறதைக் கையில வாங்குற மாதிரி ஏந்துற குழி. வினைத்தொகை, அதனால வலி மிகாது, தயவுசெஞ்சு யாரும் நடுவுல ஒரு க் போட்டு அச்சடிச்சுடாதீங்க. ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கம் ஏந்தல்னு முடியுற ஊர்ப் பேரு எத்தனை, எல்லாம் மழைத்தண்ணியை ஏந்தின கண்மாய்தானே.

பிசிபிக்கு: குளோரின்ங்கற பேரே வெளிர்பச்சைன்னு பொருள்படுற கிரேக்கச் சொல்லுலேர்ந்து வந்தது. நமக்குப் பசுமைதான் 'பை', பைந்தமிழ், பைங்கிளி. ஆகவே குளோரின் 'பைவளி', இது 'பல்பைவளி இருபீனைல்'. பீனைலுக்கு நாளைக்கு எழுதறேன்.
(புலவர், தஞ்சாவூர்)

——

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் எள்ளை விட்டு வந்து எவ்வளவோ காலமாச்சு, அந்தக் கதவைத் திரும்பத் திறக்க வேணாம்யா. பைவளின்னா எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க காத்தடைச்ச பைன்னுதான் எழுதும்.

குழிக்கு ஏன் 'தொட்டி' கூடாது? தொட்டின்னா அடியும் பக்கமும் அடைச்சிருக்கும், ஒழுகாதுன்னு யாருக்கும் சொல்லித்தர வேணாம். குழின்னு சொன்ன உடனே மண்ணுதான் கண்ணுல வருது. 'எண்ணெய்த் தொட்டி', முடிஞ்சது.
(அறிவியல் ஆசிரியை, திருச்சி)

——

டீச்சர் சொல்றது பாதி சரி. ஆனா டிரான்ஸ்பார்மரோட உடம்பே ஒரு எண்ணெய்த் தொட்டிதான், மெயின் டேங்க்னு சொல்வோம். 'தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்'னு எழுதியிருந்தா மேல பாக்கறதா கீழ பாக்கறதா?

சொல்லு பேசறதுக்கு முன்னாடி அந்தக் குழி என்ன பண்ணுதுன்னு சொல்றேன், வேலை தெரிஞ்சா சொல் தானா அமையும். பெரிய பவர் டிரான்ஸ்பார்மர் ஒண்ணுல பல ஆயிரம் லிட்டர் எண்ணெய் இருக்கும். மத்திய மின்சார ஆணையத்தோட 2010 விதிகள்ல ஒரு டேங்க்ல 2,000 லிட்டருக்கு மேல இருந்தா சோக் பிட் வேணும்னு இருந்துச்சு. டேங்க் வெடிச்சா எண்ணெய் ஜல்லி வழியா இறங்கி அடியில நிக்கும், மேல எரிஞ்சுட்டு வர்ற தீ அந்த ஜல்லி இடுக்குல அடங்கும், அங்கேர்ந்து குழாய் வழியா தனியா ஒரு சேமிப்புத் தொட்டிக்குப் போகும். ஆக இதுக்கு ரெண்டு வேலை, எண்ணெயைப் பிடிக்கணும், தீயை அணைக்கணும்.

நடைமுறையில என்ன இருக்குன்னா, ஜல்லி முழுக்கக் கருப்பாப் பிசுபிசுன்னு இருக்கும், நடுவுல எருக்கு முளைச்சிருக்கும், எண்ணெயை வடிக்கிற டிரெய்ன் வால்வுல, கசியாம அடைக்கிற கேஸ்கட் இறுகிப்போய்ச் சொட்டிட்டே இருக்கும், அதுக்குக் கீழ ஒரு காலி பெயின்ட் டப்பா. டப்பா நிறைஞ்சா யார் எடுக்கறதுன்னு இல்ல. மழை பேஞ்சா குழி தண்ணியில ரொம்பிடும், எண்ணெய் தண்ணியை விட லேசு, மிதந்து வழிஞ்சு மழைநீர் வடிகாலுக்குப் போயிடும். அப்போ குழி இருந்தும் இல்லாத மாதிரிதான். இதைக் கையேட்டுல கட்டாயம் எழுதுங்க.

பிசிபி விஷயம் இன்னும் முக்கியம். எளிதுல தீப்பிடிக்காதுன்னு அந்தக் காலத்துல போட்டது. மக்காது, கொழுப்புல போய்த் தங்கும், மீன் வழியா மனுசனுக்கு வரும். 1968ல மேற்கு ஜப்பான்ல தவிட்டெண்ணெய் ஆலையில வெப்பம் கடத்துற குழாயிலேர்ந்து இது கசிஞ்சு சமையல் எண்ணெய்ல கலந்து ஆயிரக்கணக்கான பேருக்குத் தோலெல்லாம் கட்டி கட்டியா வந்துச்சு. நம்ம நாட்டுல 2016 ஆணைப்படி 2025 டிசம்பர் 31க்குள்ள புழக்கத்தை விட்டே போயிருக்கணும். நல்ல எண்ணெய்ல எப்படி வருதுன்னு கேட்டா, எண்ணெய் வடிகட்டுற மெஷினைப் பழைய டிரான்ஸ்பார்மர்ல ஓட்டிட்டு அப்படியே அடுத்ததுல மாட்டுவோம், மெஷினோட பிசிபியும் போயிடும். எண்ணெய் எடையில பத்து லட்சத்துல 50 பங்கு இருந்தாலே தனி கவனிப்பு வேணும். அதனால பேரு எதுவா இருந்தாலும் 'நச்சு'ங்கற சொல் முன்னாடி வரணும்.
(ஓய்வுபெற்ற மின்பொறியாளர், கோவை)

——

வணக்கம். எங்கட பாடப்புத்தகத்தில டிரான்ஸ்பார்மருக்கு 'நிலைமாற்றி' எண்டுதான் இருக்கு, மின்மாற்றி எண்டு நீங்கள் போட்டால் இஞ்சை வாசிக்கிறவைக்கும் விளங்கும், அதைப் பற்றிச் சண்டை வேண்டாம்.

எண்ணெய் மண்ணுக்கை போனால் என்ன நடக்கும் எண்டது எங்களுக்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில தெரியும். அது நிலைமாற்றி இல்லை, மின் உற்பத்தி நிலையத்துக் கழிவெண்ணெய், ஆனால் மண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, அடியில சுண்ணக்கல், குடிக்கிறதும் தோட்டத்துக்கு இறைக்கிறதும் கிணத்துத் தண்ணி. வாளியை இழுத்தால் மேல வானவில் மாதிரி எண்ணெய்ப்படை, அதை ஒருக்கால் கண்டவை மறக்காயினம். 2019இல இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிலையக் கொம்பனியை 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. காசு வந்தாலும் கிணறு உடனே கிணறாகாது. ஆனபடியால் உறிஞ்சு எண்ட சொல் எந்த வடிவிலயும் வரக்கூடாது எண்டு கெஞ்சிக் கேட்கிறன். எனக்கு 'தடுப்புத் தொட்டி' போதும்.
(யாழ்ப்பாணம்)

——

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதினதைப் படிச்சப்புறம் எனக்கும் மனசு கனத்துப்போச்சு. தொட்டியை ஏத்துக்கறேன். தொடு என்றால் தோண்டு, 'தொட்டனைத் தூறும் மணற்கேணி'யில வர்ற அதே தொடு, தொட்டியும் அந்த வேர்தான்னு என் எண்ணம். ஆனா குறள்ல தோண்டத் தோண்ட ஊறுது, இங்க ஊறவே கூடாது, அந்த முரண் எனக்கு இன்னும் இடிக்குது. அதனால ஏந்துங்கற வினையை விட்டுடாதீங்க.

இப்பல்லாம் தாவர எஸ்டர் எண்ணெய் போட்ட டிரான்ஸ்பார்மர் வருதுன்னு பேரன் சொன்னான். வித்துலேர்ந்து எடுத்த எண்ணெய்! அதை எண்ணெய்னு சொல்ல எனக்கு மறுப்பே இல்லை.
(புலவர், தஞ்சாவூர்)

——

ஆமாங்கய்யா, அது மண்ணுல சீக்கிரம் மக்கிடும், தீப்பிடிக்கிற வெப்பநிலையும் 300 டிகிரிக்கு மேல, கனிம எண்ணெய்க்கு அதுல பாதி சொச்சம்தான். விலைதான் கூட. இருந்தாலும் குழி வேணாம்னு ஆயிடாது.

ஏந்துங்கறதுல ஒரு சிக்கல், தனித்தமிழ் அன்பர்கள் அதை 'வசதி'ன்னு பயன்படுத்துறாங்க, மருத்துவ ஏந்துன்னு போர்டே பாத்திருக்கேன். எண்ணெய் ஏந்துன்னா எண்ணெய் வசதியா?
(மின்பொறியாளர், கோவை)

——

தனியா நின்னா வசதி, தொட்டியோட சேர்ந்தா குழப்பம் வராது. 'ஏந்துதொட்டி'க்கு என் ஓட்டு. பிசிபிக்கு 'நச்சுக் குளோரின் எண்ணெய்', வேதியியல் பேரை ஒரு தடவை முழுசா எழுதிட்டு விட்டுடுங்க.
(ஆசிரியை, திருச்சி)

——

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ராத்திரி ஆயிடுச்சு, முடிவு பண்ணியாகணும். 'எண்ணெய் ஏந்துதொட்டி'ன்னு போடறேன், முதல் தடவை வரும்போது 'கசியும் எண்ணெய் மண்ணில் இறங்காமல் பிடித்து வைக்கும் தொட்டி'ன்னு ஒரு வரி விளக்கம். 'நச்சுக் குளோரின் எண்ணெய்'க்கு நாலு பேர் சரின்னாங்க, புலவர் ஐயா பைவளியை விடலை, அவர் மறுப்பைக் குழுமத்துல பதிவா வச்சுக்குவோம்.
(மதுரை)

——

எனக்கும் மறுப்பு இருக்கு, பதிவு பண்ணிக்கங்க. சைட்ல எவனும் ஏந்துதொட்டின்னு சொல்ல மாட்டான், சோக் பிட்டுன்னுதான் சொல்வான். பக்கத்துலயே தமிழ் எழுத்துல 'சோக் பிட்'னு போடலைன்னா எந்த எடத்தைச் சொல்றீங்கன்னே தெரியாது. அப்புறம், கம்பத்து மேல இருக்குற சின்ன டிரான்ஸ்பார்மருக்கு இந்தத் தொட்டியே கிடையாது, வயல்ல நேரா சொட்டுது, வண்டிச் செயினுக்குப் போட அதைக் கேன்ல பிடிச்சுட்டும் போறாங்க. அதைப் பத்தி வரைவுல ஒரு வரி கூட இல்லையே? அச்சகத்துக்குப் போறதுக்குள்ள நாளைக்குக் காலையில போன் பண்ணுங்க, சொல்றேன்.
(மின்பொறியாளர், கோவை)