கைது முதல் ஜாமீன் வரை: வக்கீல் எந்த நேரத்தில் தேவை, எதைக் கேட்டு அமர்த்துவது?

ஆற்றோரம் (கேள்வி)

வணக்கம். இந்தியச் சட்டப்படி ஒரு விளக்கம் வேண்டும். அடிதடி, பண மோசடி மாதிரி ஒரு வழக்கில் வீட்டில் ஒருவரை போலீஸ் அழைத்துப் போய்விட்டால், அந்த நேரத்திலிருந்து அடுத்தடுத்து என்ன நடக்கும்? ஸ்டேஷனுக்கே வக்கீல் வரலாமா, கோர்ட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொண்டால் போதுமா? பேப்பரில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடலாமா? வக்கீலிடம் எதையெல்லாம் முதலிலேயே பேசித் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்? ஜாமீன் கிடைத்த பிறகும் பலர் நாள்கணக்கில் உள்ளேயே இருக்கிறார்களே, அது எதனால்? பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன என்கிறார்கள். புதிய எண்களோடு சொன்னால் நல்லது.

மூன்றாம் பெஞ்ச் (பதில்)

கோர்ட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பதில்தான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. ஜாமீன் மனுவுக்குப் பெரிய வக்கீலைத் தேடி அலைந்து முடிப்பதற்குள் முதல் ரிமாண்ட் (கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, காவலில் வைக்க உத்தரவு வாங்குவது) முடிந்துபோகும். அந்த முதல் ரிமாண்டில் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு வக்கீல் நிற்க வேண்டும். பெரிய பெயர் அவசியமில்லை. கூப்பிட்டால் அன்றைக்கே நேரில் வரக்கூடியவர் வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடப்பில் இருக்கிறது. கீழே சொல்லும் எண்கள் அதில் உள்ளவை. சம்பவம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால், குற்றப் பிரிவு மட்டும் பழைய ஐ.பி.சி.யிலேயே (இந்திய தண்டனைச் சட்டம்) வரும்.

ஸ்டேஷனில் முதலில் கேட்க வேண்டியது: இது கைதா, விசாரணைக்கு அழைப்பா? 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து ஆஜராகச் சொல்வதுதான் முறை. அதை மீறிக் கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று காரணம் எழுத வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் இதைக் கறாராகச் சொன்னது. 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயதைத் தாண்டியவரையோ உடல்நலம் குன்றியவரையோ கைது செய்ய டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நோட்டீஸ் வந்தால் மட்டும் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். ஆஜராகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகவும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும் (36). அதில் நேரம் எழுதியிருக்கும் கட்டத்தை மட்டும் இரண்டு முறை பாருங்கள். காலை 9 மணிக்கு அழைத்துப் போனவருக்கு மாலை 6 மணி என்று எழுதியிருந்தால் அங்கேயே 9 மணி நேரம் கணக்கில் வராமல் போகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி (58, அரசியல் சாசனம் 22(2)) எந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது என்பதை அந்த ஒரு வரிதான் காட்டும். பயண நேரம் இந்த 24 மணியில் சேராது. நேரம் தவறாக இருந்தால் வாக்குவாதம் வேண்டாம். உண்மையான நேரத்தைச் சொல்லி எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி வக்கீல் சீக்கிரமே மனுப் போடலாம்.

கைதுக்கான காரணங்களை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். எந்தக் குற்றமானாலும் ரிமாண்டுக்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது அது கைக்கு வர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்டில் வக்கீல் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அதுதான். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38-வது பிரிவு உரிமை தருகிறது. விசாரணை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க அது இடம் தராது. அதனால் சந்திக்கும் அந்தச் சில நிமிடங்களை என்ன சொல்வது, எதில் கையெழுத்துப் போடுவது என்பதற்கு மட்டும் செலவிட வேண்டும்.

கையெழுத்து விஷயம்: போலீஸ் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமே கிடையாது. வெற்றுத்தாளில் ஒருபோதும் கூடாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகிவிடும். "எங்கே வைத்திருக்கிறாய், காட்டு" என்ற கேள்வியின் கனம் அங்கேதான். பெயர், முகவரி சொல்லலாம். சம்பவத்தைப் பற்றிக் கேட்டால் "வக்கீலைப் பார்த்த பிறகு பேசுகிறேன்" என்று அமைதியாகச் சொன்னால் அது குற்றமில்லை.

ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவர் பரிசோதிப்பார். அடித்திருந்தால் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட் கேட்கும்போதும் சொல்ல வேண்டும். இரண்டு இடத்திலும் பேசாமல் இருந்துவிட்டு ஒரு மாதம் கழித்துச் சொன்னால் எடுபடுவது கடினம். விடுமுறை நாளிலும் இரவிலும் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ரிமாண்ட் நடக்கும். வக்கீலிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பச்சை மை (பதில்)

மேலே சொன்ன அத்தனையும் சரி. நான் வக்கீல் அமர்த்துற விஷயத்தை மட்டும் எடுத்துக்கிறேன்.

ஸ்டேஷன்ல யாராவது "இவரைப் பாருங்க, சீக்கிரம் முடிச்சுத் தருவார்"னு ஒரு பெயரைக் கொடுத்தா, அந்தப் பெயரை அங்கேயே விட்டுட்டு வாங்க. வழக்கு நடக்கப் போற அதே கோர்ட்ல தினமும் குற்ற வழக்கு நடத்துறவரைத் தேடுங்க. சிவில், பத்திரம் பார்க்கிறவர் எவ்வளவு நெருங்கின சொந்தமா இருந்தாலும் இதுக்குச் சரிவர மாட்டார். அவர் பெயரும் பதிவு எண்ணும் பார் கவுன்சில் பட்டியல்ல இருக்கான்னு பார்த்துக்கலாம்.

முதல் சந்திப்புல அவர் என்ன கேட்கிறார்னு கவனிங்க. எஃப்.ஐ.ஆர். நகல் எங்கே, எந்தப் பிரிவு, எப்போ பிடிச்சாங்க, முன்னாடி வழக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டா வேலை தெரிஞ்சவர். எதையும் படிக்காம "மூணு நாள்ல வெளியே கொண்டு வந்துடறேன்"னு உறுதி சொன்னா எழுந்து வந்துடுங்க. அந்த உறுதியைக் கொடுக்க எந்த வக்கீலாலும் முடியாது, ஜாமீன் கொடுக்கிறது நீதிபதி. எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் மாநிலப் போலீஸ் இணையதளத்துலேயே கிடைக்கும். பாலியல் குற்றம் மாதிரி சில வழக்குகள்ல மட்டும் ஏத்த மாட்டாங்க.

பிரிவு ஏன் முக்கியம்னு ஒரே உதாரணம் சொல்றேன். கைகலப்புல ஒருத்தருக்கு ஒரு பல் உடைஞ்சாலே பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புதுத் தண்டனைச் சட்டம்) 116-ன்படி அது கொடுங்காயம். கையில கட்டை, கத்தி இருந்ததுன்னு சேர்ந்தா 118(2). தண்டனை ஆயுள் வரைக்கும் போகும். அங்கே மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுக்கிற அதிகாரம் ரொம்பச் சுருங்கிடும். பெண், சிறுவர், நோயாளின்னா பி.என்.எஸ்.எஸ். 480-ல விலக்கு இருக்கு, மத்தவங்க பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டி வரும் (483). அதனால அடிதடி வழக்குல வக்கீல் முதல்ல தேட வேண்டியது ஆஸ்பத்திரியில எழுதின ஏ.ஆர். காப்பியும் (விபத்துப் பதிவேட்டு நகல்) காயச் சான்றிதழும். "சாதாரண காயம்"னு எழுதியிருந்தா பேச்சே வேற.

ஃபீஸை மொத்தமா ஒரே தொகையா பேசாதீங்க. ரிமாண்ட், ஜாமீன் மனு, தள்ளுபடியானா மேல் கோர்ட், குற்றப்பத்திரிகை வந்த பிறகு விசாரணைன்னு தனித்தனியா கேட்டு எழுதி வாங்குங்க. நகல், டைப்பிங் செலவு உள்ளேயா வெளியேயான்னும் கேளுங்க. ரசீது கேட்கிறதுல தப்பே இல்லை. "ஜாமீன் கிடைச்சா இவ்வளவு"ன்னு முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசறது பார் கவுன்சில் விதிப்படி கூடாது. "மேல கொடுக்கணும்"னு தனியா பணம் கேட்டா அது ஃபீஸ் இல்லை, கொடுக்காதீங்க.

ஆள் ஜெயிலுக்குப் போயிட்டா வக்காலத்துல (வக்கீல் அவருக்காக ஆஜராக அனுமதி கொடுக்கிற பத்திரம்) கையெழுத்து ஜெயில் அதிகாரி சான்றொப்பத்தோட வரணும். அதுக்கு ஒரு நாள் போயிடும். ரிமாண்ட் அன்னைக்கு கோர்ட்லேயே கையெழுத்து வாங்கிட்டா அந்த நாள் மிச்சம். வெற்று வக்காலத்து ரெண்டு மூணு வாங்கி வைக்கிறாரான்னு கேளுங்க, மேல் கோர்ட்டுக்கும் தேவைப்படும்.

வக்கீலை மாத்தணும்னா பழையவர்கிட்ட ஆட்சேபம் இல்லைன்னு எழுதி வாங்குறது வழக்கம். ஃபீஸ் பாக்கின்னு சொல்லிக் கேஸ் கட்டைப் பிடிச்சு வைக்க அவருக்கு உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கு.

கையில காசு இல்லைன்னா தயங்காம 15100-க்குப் போன் பண்ணுங்க. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-வது பிரிவுப்படி காவல்ல இருக்கிறவருக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டு. ரிமாண்ட் நேரத்துல மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. போன்ல இருக்கிற மெசேஜை வீட்ல யாரும் அழிக்காதீங்க. புகார்தாரர் வீட்டுக்கு "சமாதானம் பேச" போகாதீங்க. நல்லெண்ணத்துல போனாலும் சாட்சியை மிரட்டினதா மனுவுல வந்து நிக்கும், ஜாமீன் அதோட போச்சு. சமரசம் வேணும்னா ரெண்டு பக்க வக்கீலும் பேசட்டும்.

படித்துறை (பதில்)

ஜாமீன் கிடைத்தும் ஆள் வெளியே வராததற்குப் பெரும்பாலும் காரணம் ஜாமீன்தாரர்தான். ஆர்டரில் இரண்டு ஜாமீன்தாரர்கள், அதில் ஒருவர் இரத்த சொந்தம் என்று இருக்கும். வீட்டார் ஆர்டர் வந்த பிறகு ஆள் தேடத் தொடங்குவார்கள். மனுப் போட்ட அன்றே இரண்டு பேருக்குச் சொல்லிவைத்து, ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது மாதிரியான அசல்களையும் நகல்களையும் தயாராக வைத்திருங்கள். சொத்துக் காகிதத்தில் "முருகேசன்", ஆதாரில் "எம். முருகேசன்" என்றிருந்தால்கூடத் திருப்பி அனுப்புவதுண்டு. ஜாமீன்தாரர் வேறு யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறார் என்றும் எழுதித் தர வேண்டும். அதில் பொய் சொல்லக் கூடாது.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிமுறைப்படி ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ ஜெயிலுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் ஜெயில் சூப்பிரண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தப் பார்க்கலாம். ஆனால் இது தானாக நடக்கும் என்று காத்திருக்காமல் வக்கீல் மூலம் நினைவூட்டுங்கள்.

ஜாமீன் மனு தள்ளுபடியானாலும் ஒரு கதவு இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். பி.என்.எஸ்.எஸ். 187(3)-ன்படி 60 நாளில் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மரணம், ஆயுள், 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள். ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும். மார்ச் 3-ல் ரிமாண்ட் என்றால் மார்ச் 31-ல் 29 நாள், ஏப்ரல் 30-ல் 59, மே 1-ல் 60. குற்றப்பத்திரிகை அதற்குள் வரவில்லை என்றால் மே 2 காலை கோர்ட் திறந்ததும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். மதியம் வரை விட்டால், அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகி உரிமை கைநழுவிவிடும். போலீஸ் கைது செய்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், ரிமாண்ட் உத்தரவுத் தேதிதான் தொடக்கம். இந்த வகை ஜாமீனுக்குப் பணம் கட்டச் சொல்லி நிபந்தனை போடக் கூடாது என்பது 2020 சரவணன் வழக்குத் தீர்ப்பு.

வெளியே வந்தவர் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால், ஒரு நாள்கூட விடக் கூடாது. உடம்பு முடியவில்லை என்றால் மருத்துவச் சான்றோடு அன்றே வக்கீலுக்குச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு தளர்வு மனுப் போடலாம்.

ஆற்றோரம்

மூவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: சூரிட்டி (ஜாமீன்தாரர்) எல்லாம் சரியாக முடிந்தும், "இன்னொரு வழக்கு இருக்கிறது" என்று ஜெயிலிலேயே நிறுத்திவிடுவார்களாமே?

படித்துறை

ஆமாம். அது பி.டி. வாரண்ட். வேறு ஸ்டேஷன் வழக்கில், உள்ளே இருப்பவரை வரவழைத்து முறைப்படி கைது காட்டுவார்கள். அதற்கு ஜாமீன் தனி, 60 நாள் கணக்கும் தனி. ஜாமீன் மனுப் போடும் முன்பே, அவர் பெயரில் வேறு எங்கே எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வக்கீலிடம் சொல்லுங்கள். அடுத்த முறை ஜெயிலில் மனுப் போட்டு உள்ளே இருப்பவரைப் பார்க்கும்போது அவரிடமும் கேளுங்கள், பி.டி. வாரண்ட் வந்திருந்தால் ஜெயில் அலுவலகத்தில் அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.