வள்ளலார் கைப்பட எழுதிய நிலப் பத்திரமா? படிக்க உதவுங்கள்

குறிஞ்சிப்பாடிக்காரன்:
தாத்தா காலத்துத் தகரப்பெட்டியில் ஒரு பத்திரம் இருக்கிறது. வடலூர் தருமசாலைக்காக வள்ளலாரே கைப்பட எழுதியது என்று சொல்லி, தைப்பூசம் வந்தால் அதற்குக் கற்பூரம் காட்டுவோம். நேற்றுதான் படிக்க உட்கார்ந்தேன். ஒரு புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி, கண்ணைக் கட்டுகிறது. ‘காணி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எதற்குப் பிள்ளையார் சுழி? மடிப்பில் வேறு கிழிகிறது, லேமினேட் பண்ணிவிடலாமா?

மஞ்சக்குப்பம் மணி:
ஐயோ, லேமினேட் வேண்டாம்! சூட்டில் ஒட்டினால் அப்புறம் பிரிக்கவே முடியாது. செலோ டேப்பும் கூடாது. முதலில் கற்பூரத்தை நிறுத்துங்கள்.

பழஞ்சுவடி:
அது பிள்ளையார் சுழி இல்லை தம்பி, ௨ என்ற எண். இரண்டு காணி. காணிக்கு 1.32 ஏக்கர் என்றால் இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. இன்னொன்று, 1867இல் தருமசாலைக்காக ஏறக்குறைய 80 காணியை வடலூர்க்காரர்கள்தான் வள்ளலாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. முதல் வரியில் என்ன வருஷம்?

குறிஞ்சிப்பாடிக்காரன்:
‘தாது’ என்று இருக்கிறது. அடுத்து ஒரு சுழி, ‘பங்குனி’, மறுபடி சுழி.

பழஞ்சுவடி:
௵ என்றால் வருஷம், ௴ என்றால் மாதம். சரி, தாது 60 வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்: 1816, 1876, 1936. வள்ளலார் பிறந்தது 1823, மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. எந்தத் தாதுவிலும் அவர் எழுதியிருக்க முடியாது. எழுத்தைப் பார்த்தால் உங்களுடையது 1876இல் பிறந்த தாதுவாகத்தான் இருக்கும், அதன் பங்குனி 1877இல் வரும். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதே வருஷம். யார் யாருக்கு எழுதியது?

குறிஞ்சிப்பாடிக்காரன்:
எழுதிக் கொடுத்தவர் பெயர் மடிப்பில் போய்விட்டது. வாங்கியவர் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. ரூபாய் என்று எங்குமே காணோம், ‘நெல் கலம்’ என்று இருக்கிறது. அதற்கு அடுத்து ‘அ’ மாதிரி ஓர் எழுத்து, அதுவும் எண்தானா?

பழஞ்சுவடி:
ஆமாம். எட்டு.